விஞ்ஞான விந்தை: வாய் பெற்ற மோட்டார்

மாட்டு வண்டிக் காலத்தில் வண்டிக்காரன் கண்ணயர்ந்தாலும் மாடுகள் வழி கண்டு வீடு வந்து சேரும். ஆனால் எங்கே நின்றோம், எப்போது வந்தோம் என்று அவை எவரிடமும் போய்ச் சொல்லமாட்டா. இன்றைய மோட்டாரோ ஊமையல்ல. 2019-ம் வருஷம் மே மாதத்தில் ஹூண்டாய் கம்பெனியார், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் செய்து விற்பனைக்கு விட்ட ‘வென்யூ’வின் சில வகைகளில், பேசும் சாதனம் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தது.

வண்டிக்குள் மறைந்திருக்கும் அந்தச் சிறு பெட்டிக்குக் காது இரண்டு, வாய் ஒன்று. ஒரு காது ஆகாயத்தை நோக்கியது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் ஓயாமல் நேரம் சொல்லிக் கொண்டிருக்கின்றன. நான்கு துணைக்கோள்களின் குரல் வந்து சேர்ந்த நேரத்தைக் கணக்கிட்டு, பெட்டி தன் இடத்தை அறிகிறது. ஒரு துணைக்கோளின் கணக்கில் விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், தூரம் 300 மீட்டர் பிசகிவிடும்! மற்றொரு காது, எஞ்சினும் பிரேக்கும் காற்றுப்பையும் கம்பி வழியே பரிமாறும் சமாச்சாரங்களை ஒட்டுக் கேட்கிறது. வாயாக அமைந்திருப்பது, கைப்பேசியில் உள்ளது போன்ற ஒரு சிம்.

ஆனையூரிலிருந்து திண்டுக்கல் நோக்கி இரவில் செல்லும் வண்டி எதிலாவது மோதிக் காற்றுப்பை விரிந்தது என்று வைத்துக் கொள்வோம். உள்ளிருப்பவர் மூர்ச்சையாயிருந்தாலும், பெட்டி இடத்தைச் சொல்லி உதவி கேட்கும். 2018 மார்ச் 31 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய மோட்டார் வகைகளுக்கு இத்தகைய ஏற்பாடு கட்டாயம். இந்திய சர்க்காரும், 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பஸ், டாக்ஸிகளில் இடங்காட்டும் கருவியும் அபாயப் பொத்தானும் வேண்டுமென்று விதித்தனர்.

ஆயினும் செல்போன் அலை எட்டாத இடத்திலும், சந்தா தீர்ந்தபோதும் இந்த வாய் அடைத்துப் போகக்கூடும். அதைவிடக் கவலைக்குரியது, அது பேசும்போது கேட்பவர் யார் என்பதே. வைத்தியரிடம் போனதும், உறவினர் வீட்டில் தங்கியதும் கம்பெனியின் ஏட்டில் ஏறிவிடலாம். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நமது சம்மதத்துக்கு முக்கிய இடம் தருகிறது; படிக்காமல் அழுத்தும் ‘சரி’யும் சம்மதமாகவே கொள்ளப்படும் என்பதை மறக்கலாகாது.

பழைய வண்டி வாங்குவோர் ஒன்று செய்ய வேண்டும். முந்தைய சொந்தக்காரரின் கைப்பேசித் தொடர்பு நீக்கப்பட்டதா என்று கேட்டுத் தெளிய வேண்டும். இல்லாவிடில், நம் வீட்டுப் பெண்மணி ஓட்டிச் செல்லும் வண்டி எங்கே நிற்கிறது என்பதை அவர் தம் வீட்டிலிருந்தே பார்க்கலாம். சில வண்டிகளில் கதவையும் திறக்கலாம். வீட்டை விற்றவர் ஒரு சாவியைத் தம்மிடமே வைத்துக் கொள்ள நாம் சம்மதிப்போமா?