பேஸ்பால் ஆடற டைனோசரும் கிட்டிப்புள் ஆடாத டைனோசரும்

வெளியூர்ல இருக்கற நம்ம ஆளுங்க குழந்தைகளுக்கு வாங்கற புத்தகங்களைக் கவனிச்சிருக்கீங்களா? இங்கிலீஷ் புத்தகம்னா டைனோசர், பேய், ராக்கெட், பறக்கற பன்னி. தமிழ்ப் புத்தகம்னா ஆத்திசூடி, திருக்குறள் கதைகள், நீதிக் கதைகள். ஒண்ணு ஐஸ்கிரீம், இன்னொண்ணு விளக்கெண்ணெய். அப்புறம் "எங்க புள்ளைக்குத் தமிழ்ல இன்ட்ரஸ்டே இல்லீங்க"ன்னு சங்கக் கூட்டத்துல புலம்பல். விளக்கெண்ணெய்ல யாருக்குங்க இன்ட்ரஸ்ட் வரும்?

எங்க வீட்டு மூணாங்கிளாஸ் அம்மணி போன மாசம் ஒரு படப்புத்தகம் கொண்டு வந்தா. பேரு 'டைனோ-பேஸ்பால்'. லிசா வீலர் எழுதி, பேரி காட் படம் வரைஞ்சு 2010-ல அமெரிக்காவுல வந்தது. தழை தின்கிற டைனோசர்கள் ஒரு டீம், மாமிசம் தின்கிறதுங்க இன்னொரு டீம். மேட்ச் நடக்குது. அவ்வளவுதான் கதை. நீதி கீதி எதுவும் கிடையாது.

காட்கோபர்ல பேஸ்பால் மட்டையைக் கண்ணால பார்த்தவங்க எத்தனை பேர் இருப்பாங்க? இங்க காம்பவுண்டு சுவத்துல சாக்பீஸால மூணு கோடு போட்டு ஆடற கிரிக்கெட்தான். ஆனா அந்தப் புத்தகத்தை அம்மணி ஒரே வாரத்துல ஏழெட்டு தடவை படிச்சாச்சு. 'ஹோம் ரன்'னா என்ன, 'பிட்சர்'னா யாருன்னு இப்ப எனக்கு கிளாஸ் எடுக்கறா. யாரும் சொல்லித் தரல, பரீட்சை வைக்கல. டைனோசர் மட்டையைத் தூக்கிட்டு நிக்குதே, அடுத்து என்ன ஆகும்ங்கற ஆசைதான் புரியாத வார்த்தையையும் தாண்டி இழுத்துட்டுப் போயிருக்கு.

நான் சொல்ல வர்றது இதுதான்: நம்ம புள்ளைங்களுக்குத் தமிழ் எழுத்து நிக்கணும்னா, முதல்ல இந்த மாதிரி 'உருப்படாத' புத்தகங்கள் தமிழ்ல வேணும். நீதியெல்லாம் அப்புறம் வரட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, மகாராஷ்டிரால 2020-ல வந்த சட்டப்படி எல்லா ஸ்கூல்லயும் மராத்தி கட்டாயம். கூடவே இங்கிலீஷ், ஹிந்தி. இந்த மூணுக்கும் மார்க் உண்டு, ரிப்போர்ட் கார்டு உண்டு, திட்டும் உண்டு. தமிழுக்கு எதுவும் கிடையாது. (மாநகராட்சி தமிழ் மீடியம் ஸ்கூல்ல படிக்கற புள்ளைங்க கதை வேற. இங்கிலீஷ் மீடியத்துல போட்டவங்களைத்தான் சொல்றேன்.) துபாய்லயும் டொரன்டோவுலயும் நிலைமை கிட்டத்தட்ட இதேதான், மொழிகளோட பேர்தான் மாறும். மிரட்டற சக்தி இல்லாத ஒரு மொழிக்கு மயக்கற சக்தியாவது வேணாமா?

வீட்ல பேசறாங்களே, போதாதான்னு கேக்கறீங்க. பேச்சு மட்டும் இருந்தா அது நம்ம அப்பா அம்மா காலம் வரைக்கும் ஓடும். பாட்டி வாட்ஸ்அப்ல தமிழ்ல ஒரு வரி அனுப்பினா பேத்தி என்கிட்ட போனை நீட்டி "படிச்சுச் சொல்லுப்பா"ங்கறா. நடுவுல நான் ஒரு மொழிபெயர்ப்பாளர். நான் இல்லாத நாள்ல அந்த ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன இருக்கும்?

சரி, நம்மூர் டைனோசருக்கு வருவோம். ஆமாங்க, நமக்கும் ஒண்ணு இருக்கு!

அரியலூர்ப் பக்கம் கல்லமேடுன்னு ஒரு இடம். அங்க கிடைச்ச எலும்புகளை வச்சு யாதகிரி, அய்யாசாமின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1987-ல ஒரு புது டைனோசருக்குப் பேர் வச்சாங்க: பிருஹத்காயோசாரஸ். பெரிய உடம்புக்காரன்னு அர்த்தம். (எங்க வீட்ல உடனே அது 'பெருங்காயோசாரஸ்' ஆயிடுச்சு.) முழங்காலுக்குக் கீழ இருக்கற எலும்பு மட்டும் 2 மீட்டர். அதாவது நம்ம ஃபிளாட் வாசக்கதவு உசரம். உலகத்துலயே பெரிய தரை விலங்கு எதுங்கற போட்டியில இவரு பேரும் அடிபடுது.

முதல்ல இவரை மாமிசம் தின்கிற சாதின்னு எழுதினாங்க. அப்புறம், இல்ல, நீளக் கழுத்து தழைதின்னிதான்னு மாத்திட்டாங்க. டைனோ-பேஸ்பால்ல சேர்த்திருந்தா பாதி மேட்ச்ல டீம் மாறியிருப்பாரு :-)

சோகம் என்னன்னா, அந்த எலும்புகள் இப்ப இல்ல. உதிர்ந்து போச்சுன்னு 2017-ல ஆராய்ச்சிக் கட்டுரையே வந்துச்சு. மிஞ்சினது சில படங்கள்தான். 2022-ல பழைய போட்டோக்களைத் தேடிப் பிரசுரிச்சாங்க. படமா மட்டும் மிஞ்சின ஒரு தமிழ்நாட்டு டைனோசர்! படக்கதைக்கு இதைவிட நல்ல ஹீரோ கிடைப்பாரா? இவரு பனைமரத்தைப் பிடுங்கிக் கிட்டிப்புள் ஆடற மாதிரி ஒரு புத்தகம் என் கண்ணுல இதுவரை படல. அடிச்ச புள் கொள்ளிடத்தைத் தாண்டித் தஞ்சாவூர்ல போய் விழணும். எந்தப் புள்ளை சிரிக்காது?

"அப்ப நம்ம பண்பாடு, ஔவையார் எல்லாம் வேண்டாமா?"ன்னு கேப்பீங்க. வேணும், கட்டாயம் வேணும். ஆனா குழந்தைக்கு வேடிக்கையா எழுதறது ஒண்ணும் வெளிநாட்டு இறக்குமதி இல்ல. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) இந்தியன் வங்கியில வேலை பார்த்துக்கிட்டே நூத்துக்கணக்குல குழந்தைப் பாட்டு எழுதினவர். நம்ம தொழில்காரர்ங்கறதுல எனக்குக் கொஞ்சம் பெருமை. மிருகமும் பறவையும் பலகாரமும் அவர் பாட்டுல துள்ளி விளையாடும். அந்த வழி நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு. நாமதான் அதை விட்டுட்டு கைடு புத்தகம் வாங்கறோம்.

நம்மால முடிஞ்சது என்ன?

1. அடுத்த தடவை ஊருக்குப் போனா நீதிக் கதை ஒண்ணு வாங்கினா வேடிக்கைக் கதை ரெண்டு வாங்குங்க. சென்னை தூலிகா பதிப்பகத்துல தமிழும் இங்கிலீஷும் சேர்ந்த படப்புத்தகங்கள் கிடைக்கும். தமிழ் படிக்கத் தடுமாறற அம்மா அப்பாவுக்கும் அது உதவும்.

2. பிரதம் புக்ஸ் 2015-ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் தளத்துல தமிழ்ப் படக்கதைகள் இலவசம். நீங்களே தமிழாக்கமும் பண்ணலாம், பிரின்ட் எடுக்கலாம்.

3. எதுவும் கிடைக்கலையா? புள்ளையைப் படம் வரையச் சொல்லுங்க, நீங்க கீழ பத்து வரி எழுதுங்க. எழுத்துப் பிழை இருந்தா குடி முழுகிடாது.

4. முக்கியமா, படிச்சு முடிச்சதும் "இதுலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?"ன்னு கேக்காதீங்க. ப்ளீஸ்!

தினம் பத்து நிமிஷம் போதும். ஆர்.டி. மாதிரிதான், கட்டற தொகை சின்னதா இருந்தாலும் தவணை தவறக் கூடாது. கல்லமேட்டு எலும்பை யாரும் ஒரே நாள்ல தொலைக்கல. அது தானா உதிர்ந்து போச்சு. வீட்ல இருக்கற தமிழ் எழுத்தும் அப்படித்தான் போகும்.

உங்க வீட்டு வாண்டு விழுந்து விழுந்து சிரிச்ச தமிழ்ப் புத்தகம் ஏதாவது இருந்தா பேரைச் சொல்லிட்டுப் போங்க. நம்ம எல்லாருக்கும் உதவும்.