இது சிக்கனமன்று
ஊருக்குப் பணம் அனுப்புவதற்காக வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் பலர், குப்பூஸையும் குளிர்பானத்தையும் கொண்டே பசியாறுகின்றனர். இதனைச் சிக்கனம் எனப் புகழ்கிறோம். அன்று, உடல் எனும் அமானிதத்துக்குச் செய்யும் துரோகம் இது. அக்குளிர்பானத்துக்கு 2017இல் சவூதியும் அமீரகமும் 50 விழுக்காடு வரி விதித்தன, அதுவா சிக்கனம்? பருப்பு, முட்டை, கொண்டைக்கடலை, மத்தி மீன் ஆகியவற்றை வாங்கி, அறையில் நால்வர் முறைவைத்துச் சமைத்தால் செலவும் குறையும், உடலும் தேறும்.

ஆயினும் குற்றம் அவர்களுடையது மட்டுமா? வலீமாவில் பிரியாணித் தேக்சாக்களை எண்ணிப் பெருமை பேசும் நாம், அப்பணம் எவர் வயிற்றைச் சுருக்கி வந்தது என்று சிந்தித்தோமா? இனி, "எப்போது பணம் அனுப்புவாய்?" என்பதற்கு முன், "இன்று என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்போம்.