படம் போனால் வருமா?

மரக்காணத்தில் தை பிறந்ததும் உப்பளத்துப் பாத்திகளைச் சீர் செய்வார்கள். வெயில் ஏற ஏற உப்பு பூக்கும். வாரிக் குவிப்பார்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள், குவியலை மேட்டில் ஏற்றி, ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடிவிடுவார்கள். மூடாமல் பாத்தியிலேயே விட்டால் என்ன ஆகும்? மழையில் கரைந்து, வந்த கடலுக்கே போய்ச் சேரும். உப்பளத்துக் குழந்தைக்கும் இது தெரியும்.

ஆனால் அதே வீடுகளில் வேறொரு சொத்து மூடாமல் கிடக்கிறது. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. அதுதான் செல்போனில் இருக்கும் படங்கள்!

மகளின் கல்யாணம், பேரனின் முதல் நடை, காலமான தாத்தாவின் குரல். எல்லாம் ஒரே ஒரு செல்போனில் இருக்கின்றன. அந்தச் செல்போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போயிற்று.

இந்தக் கடற்கரைக்குத் தண்ணீர் புதிது அல்ல. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தது. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. மரக்காணம் உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. உள்ளே தள்ளி இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் குழந்தையைத் தூக்குவார்களா, செல்போனைத் தேடுவார்களா?

பத்திரம் வரும், படம் வராது

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் மூழ்கடித்தது. ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் இவற்றை இழந்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு நகல் கொடுக்க அரசு தனி முகாம் நடத்தியது. நடத்த முடிந்தது ஏன்? அசல் விவரம் அரசு அலுவலகத்திலும் இருந்தது. இரண்டாவது இடத்தில் ஒரு பதிவு இருந்தது!

இப்போது 'டிஜி லாக்கர்' இருக்கிறது. 2015-ல் மத்திய அரசு தொடங்கியது. ஆதார், ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் அதில் எடுத்துக்கொள்ளலாம். காசு கிடையாது. ஆகவே காகிதங்களைப் பற்றி முன்போல் பயப்பட வேண்டியது இல்லை.

ஆனால் பாட்டி பாடிய தாலாட்டு எந்தத் தாலுகா ஆபீசில் இருக்கிறது? எந்த அதிகாரி அதற்கு நகல் கொடுப்பார்?

மரக்காணம் பூமீஸ்வரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கல்லில் வெட்டியதுதானே, அழியாது என்று கல்வெட்டுத் துறையினர் சும்மா இருந்துவிடவில்லை. காகிதத்தை ஒற்றி மைப்படி எடுத்து, வேறு ஊரில் வைத்தார்கள். கல்லுக்கே இரண்டாவது பிரதி தேவைப்பட்டது. கண்ணாடித் துண்டு போன்ற செல்போனுக்கு வேண்டாமா?

வீட்டுக்கு ஒரு பொதுப் பெட்டி

"கூகுளில் தானாகவே ஏறிவிடும்" என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். ஏறும். ஆனால் இலவசம் 15 ஜிகாபைட்தான். 2021 ஜூன் முதல் படங்களும் அந்தக் கணக்கில் சேருகின்றன. ஒரு படம் 3 மெகாபைட் என்றால் 5,000 படம் கொள்ளும். கல்யாண வீடியோ இரண்டு வந்தால் நிரம்பிவிடும். பிறகு மாதாமாதம் வாடகை கட்ட வேண்டும். வீட்டில் ஐந்து போன் இருந்தால் ஐந்து கணக்கு. மழைக் காலத்தில் வேலை இல்லாத உப்பளக் குடும்பம் இந்த வாடகையைத் தவறாமல் கட்ட முடியுமா?

ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதில் இதே கணக்கில் 3 லட்சம் படம் அடங்கும். விலை சில ஆயிரம் ரூபாய். ஒரே தடவைதான் செலவு. அதை வீட்டு வைஃபை வழியாக எல்லோரும் பயன்படுத்தினால், அப்பா, அம்மா, பிள்ளைகள் ஐந்து பேரின் படமும் ஒரே இடத்தில் சேரும்.

இதற்கென்றே கடையில் ஒரு பெட்டி விற்கிறார்கள். 'நாஸ்' என்று பெயர். நல்ல சாமான்தான். ஆனால் பெட்டிக்கு ஒரு விலை, உள்ளே போடும் டிஸ்க்குக்கு ஒரு விலை. நடுத்தரக் குடும்பத்துக்கு அது தேவை இல்லை.

சுவரில் மாட்டியிருக்கும் இன்டர்நெட் பெட்டியை, அதாவது ரவுட்டரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பலவற்றில் பென் டிரைவ் சொருகுவது போன்ற ஒரு துளை இருக்கும். அதில் ஹார்டு டிஸ்க்கைச் சொருகி, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'பகிர்' என்று போட்டால், வீட்டுக் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் அந்த டிஸ்க் தெரியும். சில பெட்டிகளில் துளை மட்டும் இருக்கும், வேலை செய்யாது! டிஸ்க் வாங்குவதற்கு முன்பே ஒரு பென் டிரைவைச் சொருகிப் பார்த்துவிடுவது நல்லது.

இங்கே இணைப்புக் கொடுக்க வரும் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. கம்பியை இழுத்து, விளக்கு எரிந்ததும் போய்விடுகிறார்கள். பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பதும் இல்லை. பத்து நிமிஷம் நின்று, இந்தத் துளை எதற்கு என்று வீட்டாருக்குக் காட்டினால் குறைந்தா போய்விடும்? பணம் கட்டுகிறவர் கேட்க வேண்டும். கூச்சப்படக் கூடாது.

பரணில் கிடக்கும் லேப்டாப்

துளை இல்லாத வீட்டுக்கும் வழி இருக்கிறது. 2011-ல் தொடங்கி பல ஆண்டுகள் அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுத்தது. வாங்கிய பிள்ளைகள் படித்து முடித்து, வேலைக்கும் போய்விட்டார்கள். லேப்டாப் பரணில் கிடக்கிறது. திரை மங்கிவிட்டதா? பரவாயில்லை. சில பட்டன்கள் வேலை செய்யவில்லையா? அதுவும் பரவாயில்லை. படம் சேர்த்து வைக்க அது போதும்!

பழைய விண்டோஸை மட்டும் அப்படியே ஓட்டக் கூடாது. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தம் அனுப்புவதைக் கம்பெனி 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அதற்குப் பதில் லினக்ஸ் போடலாம். இலவசம். அதில் 'சாம்பா' என்று ஒரு புரோகிராம் உண்டு. பெயரைக் கேட்டால் சம்பா நெல் ஞாபகம் வரும்! ஆஸ்திரேலியாக்காரர் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுதத் தொடங்கியது. அதுவும் இலவசம். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரை மற்றக் கம்ப்யூட்டரும் செல்போனும் பார்க்கும்படி செய்வதே அதன் வேலை. பாலிடெக்னிக் படிக்கும் பையனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடிக்க முடியும்.

லேப்டாப்பை ஒரு கம்பியால் ரவுட்டரோடு இணைத்து, ஹார்டு டிஸ்க்கை அதில் சொருகி, 'அப்பா', 'அம்மா', 'பெரியவள்', 'சின்னவன்', 'பாட்டி' என்று ஃபோல்டர் போட்டுவிட்டால் முடிந்தது. பாட்டி படம் எடுப்பதில்லை. ஆனால் பாட்டியின் பேச்சைப் பேரன் பதிவு செய்து வைக்கலாம் அல்லவா?

கரண்ட் கணக்கையும் பார்க்க வேண்டும். பெரிய மேசைக் கம்ப்யூட்டரை இரவு பகலாக ஓட விட்டால், 60 வாட் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு மாதத்தில் 86 யூனிட் ஆகும். 2016-ல் அரசு அறிவித்த 100 யூனிட் இலவசத்தை ஏறக்குறைய அதுவே விழுங்கிவிடும்! லேப்டாப் 20 வாட் என்றால் 29 யூனிட். மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் போட்டால் இரண்டரை யூனிட்கூட ஆகாது. அதுவே போதும். சாப்பாடு முடிந்து எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம் அது. கரண்ட் திடீரென்று போனாலும், லேப்டாப்பின் பேட்டரி சிறிது நேரம் தாங்கும். ஆனால் பேட்டரி உப்பியிருந்தால் ஆபத்து. கழற்றிவிட வேண்டும்.

உப்புக் காற்று இந்தச் சாமான்களுக்கு எமன். டிஸ்க்கை ஜன்னல் ஓரத்தில் வைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் போட வேண்டும். புதுச் செருப்புப் பெட்டியில் 'சாப்பிடாதே' என்று எழுதிய சின்னப் பொட்டலம் வரும். அது ஈரத்தை உறிஞ்சும். எறியாமல் டப்பாவில் போடலாம். டப்பா இருக்க வேண்டிய இடம் உயரமான அலமாரி.

இடம் மாற்றுவது பிரதி ஆகாது

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். படத்தை டிஸ்க்கில் ஏற்றியதும், "போனில் இடம் இல்லை" என்று போனிலிருந்து அழித்துவிடுகிறார்கள். அப்புறம் எத்தனை பிரதி இருக்கிறது? ஒன்றுதான்! முன்பு போனில் இருந்த ஒன்று, இப்போது டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க் கீழே விழுந்தால்? ஐந்தாறு வருஷம் ஓடி, அதுவாகவே நின்றுவிட்டால்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற கம்ப்யூட்டர் வைரஸ் சுமார் 150 நாடுகளில் பரவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளே திண்டாடின. அது எந்த வழியாகப் பரவியது தெரியுமா? விண்டோஸில் ஃபைல் பகிரும் அதே வழியாகத்தான்! பொதுப் பெட்டிக்கு நல்ல பாஸ்வேர்டு வேண்டும்; வீட்டுக்கு வெளியே இருந்து இன்டர்நெட் வழியாக அதைத் திறக்கும் வசதியைப் போடக் கூடாது. எப்போதும் சொருகியே இருக்கும் டிஸ்க் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது.

ஆகவே டிஸ்க் இரண்டு வேண்டும். ஒன்று வீட்டில். இன்னொன்று வெளியூரில்.

அமெரிக்காவில் பிக்ஸார் என்று ஒரு கார்ட்டூன் படக் கம்பெனி. 1998-ல் 'டாய் ஸ்டோரி 2' படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் யாரோ ஒருவர் கம்ப்யூட்டரில் அழிக்கும் கட்டளையைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்தின் பகுதிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. "பிரதி இருக்கிறது, கவலை இல்லை" என்று அதைத் திறந்தார்கள். அது பல நாளாகச் சரியாகப் பதிவாகவே இல்லை! கம்பெனி கதி கலங்கியது. அப்போது கேலின் சஸ்மன் என்ற பெண் அதிகாரிக்கு ஒன்று நினைவு வந்தது. அவருக்குக் கைக்குழந்தை. அதனால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுவந்தார்கள். வேலை தொடர்ந்தது. படம் 1999-ல் வெளிவந்தது.

அத்தனை பெரிய கம்பெனியைக் காப்பாற்றியது ஒரு தாயின் வீட்டுக் கம்ப்யூட்டர். பிரதியை எடுத்தவர்கள் அதை ஒரு முறைகூடத் திறந்து பார்க்காததுதான் அவர்கள் செய்த தவறு. வீட்டிலும் மாதம் ஒரு முறை டிஸ்க்கில் உள்ள நாலைந்து படத்தையாவது திறந்து பார்க்க வேண்டும்.

சரி, இரண்டாவது டிஸ்க்கை எந்த ஊரில் வைப்பது? "திண்டிவனத்தில் அத்தை இருக்கிறாள், அங்கே வைக்கலாம்" என்று தோன்றும். மரக்காணம் வீட்டில் திருடு போனால், தீப்பிடித்தால், அத்தை வீடு போதும். ஆனால் 2024-ல் மயிலத்தில் கொட்டிய மழையை மறக்கக் கூடாது. ஒரே புயல் இரண்டு ஊரையும் சேர்த்து அடிக்கும். சேலத்திலோ மதுரையிலோ தாய்மாமன் இருந்தால் நல்லது. மாமா வீட்டுப் படங்கள் மரக்காணத்தில் இருக்கட்டும். மரக்காணத்துப் படங்கள் மாமா வீட்டில் இருக்கட்டும். இரண்டு குடும்பத்துக்கும் செலவு மிச்சம்.

இரண்டாவது டிஸ்க்குக்கு இப்போது பணம் இல்லாதவர்கள், பொறுக்கி எடுத்த நூறு படத்தையும் குரல் பதிவையும் கூகுளின் இலவச இடத்தில் ஏற்றலாம். அதற்கு 15 ஜிகாபைட் தாராளம். நூறு படத்தைப் பொறுக்குவதுதான் கஷ்டம். கல்யாணப் படத்தில் எதை எடுப்பது என்று அம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை வரும்!

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஆயுத பூஜை வருகிறது. தையல் மிஷின், சைக்கிள், மோட்டார் எல்லாவற்றையும் அன்று துடைத்துப் பொட்டு வைக்கிறார்கள். பரணில் இருக்கும் லேப்டாப்பையும் அன்றைக்கே இறக்கித் துடைக்கலாம். ஐந்து போனையும் வாங்கி, அன்று மாலைக்குள் படங்களை ஏற்றிவிடலாம். தீபாவளிக்கு மாமா வரும்போது ஒரு டிஸ்க்கை அவர் பையில் போட்டு அனுப்பிவிடலாம்.