எட்டு பேருக்கு எதுக்குங்க பெல் கர்வ்?

எம்.பி.ஏ. படிச்ச மக்களே, அடிக்க வராதீங்க. கணக்கு வழக்கு, மார்க்கெட்டிங், எவ்வளவு சரக்கு வாங்கி வைக்கணும்ங்கிற சமாச்சாரமெல்லாம் உருப்படியான படிப்புதான். என் சண்டை, வருஷா வருஷம் அப்ரைசல்ல நம்ம தலையில கவுக்கிற பெல் கர்வோட மட்டும்தான்.

ஜெனரல் எலெக்ட்ரிக்ல 1981லேருந்து 2001 வரை தலைவரா இருந்த ஜாக் வெல்ச் பிரபலமாக்கின வித்தை இது. மேல 20 சதவீதம் நட்சத்திரம், நடுவுல 70, அடியில 10 சதவீதத்துக்கு வாசல் அந்தப் பக்கம். இத்தனைக்கும் அவர் எம்.பி.ஏ. இல்ல, கெமிக்கல் இன்ஜினியரிங்ல டாக்டர் பட்டம் (நம்ம இனம்தான், என்னத்த சொல்ல!). ஆனா அவரை விழுந்து விழுந்து பாடமா நடத்தினது பிசினஸ் ஸ்கூலுங்க.

கணக்குக்கு வருவோம். எதேச்சையா பொறுக்கின பெரிய கூட்டத்தோட உயரத்தை அளந்தா மணி மாதிரி வளைவு வரும், சரி. டீம்ல இருக்கிறது எட்டு பேரு. எதேச்சையாவா வந்தாங்க? எழுத்துத் தேர்வு, மூணு ரவுண்டு இன்டர்வியூன்னு சல்லடை போட்டு எடுத்தது நீங்கதானே? அரிசியில கல்லு பொறுக்கி முடிச்சப்புறம், 'பத்துல ஒண்ணு கல்லாத்தான் இருக்கணும்'னு திரும்பத் தேடினா எப்படி? எட்டுல பத்து சதவீதம் 0.8 பேர். முக்கால் ஆளை வெளிய அனுப்ப முடியாதே, முழு ஆளா ரவுண்டு பண்ணிடுவாங்க. 'மொத்த டிபார்ட்மென்ட்டுக்கும்தான் பாக்கறோம்'னு சொல்வாங்க. நம்பாதீங்க. ஒதுக்கீடு டீம் டீமாத்தான் இறங்குது.

என் பழைய டீம்ல அந்த முழு ஆள், பிரசவ விடுப்பு முடிஞ்சு வந்த ஒரு அக்கா. வேலை பார்த்த ஆறு மாசத்துல, ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்தப்ப எழுப்பி நிறுத்தினது அவங்கதான். ரேட்டிங்? கடைசி. மேனேஜர் சொன்ன பதில்: "உங்க வேலையில குறையில்லம்மா. யாராவது ஒருத்தர் வந்தாகணும்ல." குறையில்லைன்னு தெரிஞ்சே குறைன்னு எழுதி கையெழுத்து போடறதுக்கு எங்க ஊர்ல வேற பேருங்க.

அடுத்த வருஷம் புதுப் பையன் சந்தேகம் கேட்டா ஒருத்தரும் வாயைத் திறக்கலை. சொல்லிக் கொடுத்தா அவன் மேல போவான், நாம கீழ. இதெல்லாம் புரிஞ்சுதான் மைக்ரோசாஃப்ட் 2013ல இந்த முறையைத் தூக்கிப் போட்டுச்சு. ஜெனரல் எலெக்ட்ரிக்கே பிற்பாடு கைகழுவிடுச்சு. இங்க பல இடத்துல பேரை மட்டும் மாத்தி ஓட்டறாங்க.

'கர்வ் இல்லைன்னா மேனேஜருங்க எல்லாருக்கும் நல்ல மார்க் போட்டுடுவாங்களே'ன்னு ஒரு வாதம். அப்போ நேர்மையா மதிப்பிடறதைத்தானே லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்கி ரெண்டு வருஷம் சொல்லிக் கொடுக்கணும்? முதல் வருஷமே ஸ்டாடிஸ்டிக்ஸ் பாடமும் இருக்கு. அந்த வாத்தியாரும் எச்.ஆர். வாத்தியாரும் கேன்டீன்ல ஒரே ஒரு டீ சேர்ந்து குடிச்சிருந்தா, அந்த அக்கா பேப்பர் போட்டிருக்க மாட்டாங்க.