கழியலுக்கும் மதிப்பெண் போடுங்கள்

நடுவில் குத்துவிளக்கு. அதன் அருகே ஜால்ராவோடு ஆசான். சுற்றிலும் 8 பேரோ 12 பேரோ, ஆளுக்கு இரண்டு கம்பு. ஆசான் பாட்டைத் தொடங்கியதும் வட்டம் மெல்ல நகரும். பாட்டு வேகம் பிடிக்கப் பிடிக்கக் குனிந்தும் நிமிர்ந்தும் திரும்பியும், பக்கத்துக்காரன் கம்பிலும் எதிராளி கம்பிலும் மாறி மாறித் தட்டு விழும். ஒருவன் அரைத் தாளம் பிந்தினால் போதும், அடி கம்பில் விழாது. அடுத்தவன் விரலில் விழும்.

இதுதான் கழியல். கழி என்றால் கம்பு. பேச்சில் களியல் என்பார்கள். குமரி மாவட்டத்தின் சொத்து. இந்து ஊர்களில் இராமாயணக் கதையைப் பாடி ஆடுவார்கள், கிறித்தவ ஊர்களில் விவிலியக் கதையைப் பாடி ஆடுவார்கள். கதை மாறும், கம்பு மாறாது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இதற்கு ஒரு தூரத்து உறவு உண்டு. பேட்டன் ட்வர்லிங் என்று பெயர். பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் கோல் சுழற்றிக்கொண்டு நடப்பவர்களோடு வளர்ந்த கலை அது. இரு முனையிலும் ரப்பர் குமிழ் பொருத்திய உலோகக் கோலை விரலிடுக்கில் சுழற்றி, வானத்தில் எறிந்து, அது இறங்கி வருவதற்குள் தானும் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடிக்க வேண்டும். குழுவாக ஆடும்போது ஒருவர் எறிந்ததை இன்னொருவர் பிடிப்பார். கூடவே இசையும் நடனமும். 1977-ல் இதற்கு உலகக் கூட்டமைப்பு அமைந்தது. 1980-ல் சியாட்டில் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. பிடி தவறினால் மதிப்பெண் குறையும், குழுவின் அசைவு ஒத்திருந்தால் ஏறும். அணிவகுப்பின் வேடிக்கையாக இருந்ததை நடுவர், விதி, பயிற்றுநர் என்று ஒழுங்குபடுத்தி விளையாட்டாக நிமிர்த்திவிட்டார்கள்.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே கோல் ஊமை. இசை வெளியிலிருந்து வர வேண்டும். கழியலில் கம்பே வாத்தியம். ஆடுகிறவன்தான் தாளக்காரன். 12 பேர் 24 கம்புகளால் ஒரே தட்டாகத் தட்டுவது எவ்வளவு கடினம் என்பது கோலாட்டம் பழகிய எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

அத்தனை கடினமான கலைக்குத் தமிழ்நாடு என்ன செய்திருக்கிறது? சிலம்பத்துக்குச் செய்திருக்கிறது, அது பாராட்டுக்குரியது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பம் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது செயல்விளக்க ஆட்டமாக இடம்பெற்றது. அதன் பிறகு தெருவுக்குத் தெரு சிலம்பம் பழகும் பிள்ளைகளைப் பார்க்க முடிகிறது. கம்பைத் தனியாகச் சுழற்றினால் விளையாட்டு, சான்றிதழ், வேலை. அதே கம்பைப் பத்துப் பேர் சேர்ந்து தாளத்தோடு தட்டினால் கொடைவிழா மேடையில் ஒரு பொன்னாடை. இந்தப் பாகுபாட்டுக்கு நியாயம் இல்லை.

எல்லைக்கு அப்பால் போய்ப் பார்க்கலாம். மலபாரின் கோல்களி கழியலுக்கு நெருங்கிய சொந்தம். கேரளத்தில் 1950-களில் தொடங்கிய பள்ளிக் கலோத்சவத்தில் அதுவும் ஒரு போட்டி. வருடாவருடம் பள்ளிகள் ஆசான்களைத் தேடிப் போகின்றன. ஆசானுக்கு மரியாதையும் வருமானமும் கிடைக்கின்றன. பையன்கள் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். போட்டி என்று வந்தால் ஆடை அலங்காரச் செலவும் மேல்முறையீட்டுச் சண்டையும் வரும் என்பார்கள். கலோத்சவத்தில் அவை வந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் சண்டை போட அங்கே ஆட்டம் உயிரோடு இருக்கிறது. செலவுக்கு வரம்பு கட்டுவது எளிது. போன ஆசானைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இன்னொரு பாடம் கோவைப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆண்கள் மட்டும் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார் பத்ரப்பன். 2024-ல், 87 வயதில், அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இன்று கொங்கு நாட்டில் மைதானம் நிறையப் பெண்கள் கும்மி ஆடுகிறார்கள். கழியல் வட்டத்திலும் பெண்பிள்ளைகள் நிற்க வேண்டும்.

இதை எங்கே தொடங்குவது என்றால், தூத்துக்குடி மாவட்டத்துப் புன்னைக்காயல் பொருத்தமான இடம். முத்துக்குளித்துறையின் இந்தப் பழைய துறைமுகத்தில் தங்கித் தமிழ் கற்றவர் போர்ச்சுகீசியத் துறவி அண்ட்ரிக் அடிகளார். தமிழ் நூல்களை அச்சேற்றியவர். 1586-ல் அவர் அச்சிட்ட 'அடியார் வரலாறு' இந்த ஊர்ப் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. அதன் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருந்ததால்தான் 1967-ல் இராசமாணிக்கம் அடிகளார் அதை மறுபதிப்பாகக் கொண்டுவர முடிந்தது. அச்சேறிய நூல் அப்படிப் பிழைத்தது. கழியல் பாட்டுகளோ பெரும்பாலும் ஆசான்களின் நினைவில் இருக்கின்றன. ஒவ்வொரு தட்டின் கணக்கும் காலடியும் படமெடுத்துப் பதியப்பட வேண்டும்.

செலவும் பெரிதில்லை. அம்பாசமுத்திரத்தில் மரச் செப்புச் சாமான் கடைபவர்களிடம் சொன்னால் 24 கம்பு கடைந்து தருவார்கள். அந்த ஊரைக் கடந்து வரும் தாமிரபரணிதான் புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவில் கழியலுக்கென்று தனிப் பிரிவும் ஆண், பெண் இருபாலருக்கும் இடமும் வேண்டும். கடற்கரைப் பள்ளிகளில் உடற்கல்வி வகுப்பின் ஒரு மணி நேரத்தை அதற்குக் கொடுக்கலாம். குமரியிலிருந்து ஓர் ஆசானை அழைத்துவந்து, மே மாத விடுமுறையில் பத்து நாள் தங்கவைத்துச் சோறும் சம்பளமும் கொடுத்தால் முதல் வட்டம் உருவாகிவிடும்.