வாழைத்தோப்பும் பின்னால் வரும் மோட்டாரும்

"உங்களுக்கு எதற்குப் பயம்?" என்று ஓர் இரவு நிகழ்ச்சியில் நேயர்களிடம் கேட்டேன். தொலைபேசிக்கு ஓய்வே இல்லை. வாழைத்தோப்பு, கம்போங் வீட்டுக் கொல்லை, கெம்போஜா பூ வாசனை என எங்கே தொடங்கினாலும் கதை பொந்தியானாக்கில்தான் போய் முடிந்தது.

கடைசியாக அழைத்தவர் செராஸைச் சேர்ந்த ஓர் அக்கா. மருத்துவமனையில் இரவு வேலை. "பொந்தியானாக்க நான் பாத்ததே இல்ல தங்கச்சி. எம்ஆர்டில எறங்கி வீட்டுக்கு நடக்கிறப்போ பின்னாலயே மெதுவா ஒரு மோட்டார் வரும் பாருங்க, அதுக்குத்தான் பயம்" என்றார்.

அன்று எனக்குச் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் ஞாபகம் வந்தாள்.

அமெரிக்க எழுத்தாளர் சார்லேய்ன் ஹாரிஸ் 2001 முதல் 2013 வரை எழுதிய 13 காட்டேரி நாவல்களின் நாயகி அவள். 'ட்ரூ பிளட்' என்ற பெயரில் 2008இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. செயற்கை இரத்தம் கண்டுபிடிக்கப்பட்டதும், இரத்தக் காட்டேரிகள் ஒளிவிடத்தை விட்டு வெளியே வந்து மனிதர்களோடு வாழத் தொடங்குகின்றன. சூக்கியோ லூசியானாவில் ஒரு சிற்றூர் மதுக்கடையில் மேசைக்கு மேசை தட்டு தூக்குபவள். பாட்டியோடு பழைய வீட்டில் இருக்கிறாள். மற்றவர் மனத்தில் ஓடுவது அவள் காதில் விழும். அதனால் ஊர் அவளை அரைப் பைத்தியமாகப் பார்க்கிறது. காட்டேரியைக் காதலித்தாலும், மறுநாள் வேலைக்கு நேரத்தோடு போகத்தான் வேண்டும்.

முதல் நாவலில் அந்த ஊர்ப் பெண்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். எல்லார் சந்தேகமும் காட்டேரிகள் மேல் போகிறது. கொலைகாரன் ஒரு மனிதன். யார் என்று சொல்லி உங்கள் சுவையைக் கெடுக்க மாட்டேன். ஆனால் ஊருக்குள் எல்லாரோடும் சிரித்துப் பேசிப் பழகுகிறவன்.

நம் ஊர்க் கதைக்கு வருவோம். 1957இல் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம் 'பொந்தியானாக்' படத்தை வெளியிட்டது. நாயகி மரியா மெனாடோ. இயக்குநர், தமிழில் 'சாலிவாஹனன்' எடுத்த அதே பி. என். ராவ். படம் பெரிய வெற்றி. அடுத்தடுத்துத் தொடர் படங்களும் வந்தன.

அதில் நாயகி எப்படிப் பேயாகிறாள் தெரியுமா? கூனியாக இருந்தவள் மந்திரத்தால் அழகியாகிறாள். இரத்தத்தை மட்டும் சுவைக்கக்கூடாது என்பது நிபந்தனை. கணவனைப் பாம்பு கடிக்கிறது. அவன் உயிரைக் காப்பாற்ற விஷத்தை வாயால் உறிஞ்சி எடுக்கிறாள். இரத்தம் நாவில் படுகிறது. அவ்வளவுதான். நாட்டுப்புறக் கதையிலும் பொந்தியானாக் பிரசவத்தில் இறந்துபோன பெண். இரண்டிலும் அவள் யாருக்கும் கெடுதல் செய்து பேயாகவில்லை. ஆனாலும் இத்தனை காலமாக நாம் பயப்படுவது அவளைப் பார்த்துத்தான்.

பேய்க்கதை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரவு நிகழ்ச்சிக்குச் சோறு போடுவதே அதுதான்! நம் பேய்க்கதையில் ஒரு சூக்கி இல்லையே என்பதுதான் என் குறை. புதன்கிழமை இரவு தாமான் கொனாட் பாசார் மாலாமில் கடை போட்டுவிட்டு, வாடகைக் கணக்குப் பார்த்துக்கொண்டே வீடு திரும்பும் ஒரு தமிழ்ப் பெண். வாழைமரத்தடியில் அழுகுரல் கேட்டால் ஓடாமல் நின்று, "யார் உனக்கு இப்படிச் செய்தது?" என்று கேட்பவள். உங்களில் யாராவது எழுதுங்களேன், முதல் பிரதியை நானே வாங்கிக்கொள்கிறேன்.

அதுவரை என்னால் முடிந்தது ஒன்றுதான். இப்போதெல்லாம் நிகழ்ச்சியை முடிக்குமுன், இரவு வேலை முடிந்து போகிறவர்களிடம் "வீடு போய்ச் சேர்ந்தாச்சா?" என்று கேட்கிறேன். "சேந்துட்டேன் தங்கச்சி" என்று செராஸ் அக்காவின் குறுஞ்செய்தி வந்த பிறகுதான் என் கார் சாவியை எடுக்கிறேன்.