டீக்காசில் வீடு வராது

போன தை மாதம் சித்தி மகன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தான். "ண்ணா, நீங்க கம்ப்யூட்டர்ல எக்செல் போடுவீங்கள்ல. வீடு வாங்க எனக்கு ஒரு பிளான் போட்டுக் குடுங்க."

திருபுவனைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. கைக்கு வருவது 14,000. மனைவி தையல் தைக்கிறாள். அந்த வருமானம் தீபாவளிக்கு ஒரு மாதிரி, ஆடிக்கு ஒரு மாதிரி. கண்டமங்கலத்தில் ஓட்டு வீட்டில் வாடகை. பிறந்த வீட்டில் பங்கு என்று கேட்டால் ஒன்றரை சென்டில் மூன்று அண்ணன் தம்பி.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். யூடியூபில் 'முப்பது வயதுக்குள் சொந்த வீடு' என்று ஆரம்பிக்கிற அத்தனை வீடியோவும் பார்த்தவன் நான். வெளியே டீ குடிக்காதே, சீட்டு கட்டாதே, மாதம் பிறந்ததும் முதலில் சேமி, மிச்சத்தில் செலவு பண்ணு. அந்த நம்பிக்கையோடுதான் எக்செல்லைத் திறந்தேன்.

கணக்கு இது. கண்டமங்கலத்தில் அவன் விசாரித்து வந்த மனை 600 சதுர அடி. சதுர அடி ஆயிரம் ரூபாய் மேனிக்கு 6 லட்சம். அதில் 400 சதுர அடியில் ஒரு ஹால், ஒரு ரூம், அடுப்படி. சதுர அடிக்கு 2,000 வைத்தால் 8 லட்சம். ஆக 14 லட்சம். பத்திரச் செலவு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம். மனைக்கு மட்டும் 54,000. மனைவி பேரில் பதிந்தால் 2025 ஏப்ரலில் இருந்து, 10 லட்சம் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 6,000 ரூபாய் மிச்சம். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை.

வங்கி அதிகபட்சம் 90 சதவீதம் தரும். 12.6 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை 11,337. சம்பளம் 14,000. இதை வங்கி ஒப்புக்கொள்ளாது; பொதுவாகச் சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போவதை அவர்கள் விரும்புவதில்லை. பாதி என்றால் 7,000. அந்தத் தவணைக்குக் கிடைக்கிற கடன் சுமார் 7.8 லட்சம்.

இங்கே நான் நின்றுவிட்டேன். 14 லட்சத்தில் 7.8 போனால் துண்டு விழுவது 6.2 லட்சம். கிட்டத்தட்ட மனையின் விலை. அதாவது இந்தப் பையனால் வீடு கட்ட முடியும். 400 சதுர அடி கான்கிரீட் வீட்டுக்கான கடனை அவன் சம்பளம் தாங்கும். அவனிடம் இல்லாதது அந்த வீடு நிற்க வேண்டிய தரை மட்டும்தான்.

சரி, சேமிக்கச் சொல்லலாம். ஒரு டீ 12 ரூபாய், நாளைக்கு இரண்டு. விட்டால் வருஷத்துக்கு 8,640. முன்பணமும் பத்திரச் செலவுமாக 1.94 லட்சம் சேர்க்க 22 வருஷத்துக்கு மேல் டீ குடிக்காமல் இருக்க வேண்டும். டீயை விடுங்கள், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்தால் அவனால் மாதம் 2,000 மிச்சம் பண்ண முடியும். அதே நேரம் 6 லட்ச ரூபாய் மனை வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். மாதம் 4,000. அவன் 2,000 சேர்க்கிற மாதத்தில் மனை 4,000 தள்ளிப் போகிறது. ஓடஓட வீடு பின்னால் போகும். இதற்குப் பெயர் சிக்கனக் குறைவா?

அரசாங்கம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தமிழ்நாட்டு அரசைப் போல வீட்டுக்குப் பணம் கொடுத்த அரசுகள் இந்தியாவில் அதிகம் இல்லை. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011இல் ஜெயலலிதாவின் சூரிய ஒளிப் பசுமை வீடு, 2016இல் ஒன்றிய அரசின் ஊரகப் பிரதமர் வீட்டுத் திட்டம், 2024இல் கலைஞரின் கனவு இல்லம்: வீட்டுக்கு 3.5 லட்சம், 360 சதுர அடி, 2030க்குள் 8 லட்சம் வீடுகள். எல்லாம் நல்ல திட்டங்கள். ஆனால் கனவு இல்லத்துக்கு விண்ணப்பிக்க முதலில் சொந்த மனையும் பட்டாவும் வேண்டும். தம்பி போய்க் கேட்டபோது முதல் கேள்வியே அதுதான். "பட்டா இருந்தா நான் ஏண்ணா இங்க வரேன்?" என்றான் என்னிடம்.

பட்டா இல்லாதவனுக்குத் தரகர் இருக்கிறார். "அப்ரூவல் மனைல்லாம் உனக்குக் கட்டுப்படியாவாது தம்பி. ஏக்கர்ல இருந்து ரெண்டு சென்ட் பிரிச்சு எழுதிக் குடுத்துடறேன். மாசம் ரெண்டாயிரம் கட்டு, முடிஞ்சதும் பத்திரம்." அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது, பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு அடுத்த மாதமே நடைமுறைக்கு வந்தது. விளைநிலங்களைக் கூறு போட்டு விற்பதைத் தடுக்க அது தேவைதான். ஆனால் மலிவு மனைக்கான கதவை மூடியவர்கள், அதற்குப் பதிலாக ஏழைக்கு வேறு கதவைத் திறந்தார்களா? வழியில்லாதவன் இன்றைக்கும் அந்த ரெண்டு சென்ட்டைத்தான் போய்ப் பார்க்கிறான். அந்த இடத்துக்கு வங்கிக் கடன் வராது, கட்டட அனுமதி வராது. கடைசியில் பத்திரமாவது வருமா என்பது தரகரின் மனசாட்சியைப் பொறுத்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு யோக்யதை இல்லை.

கண்டமங்கலத்தில் எனக்கு ஒரு மனை இருக்கிறது. 1,200 சதுர அடி, டிடிசிபி அப்ரூவ்டு. 2018இல் சதுர அடி 450 ரூபாய்க்கு வாங்கினேன்; 5.4 லட்சம். வரி விலக்கு, போனஸ், ஆபீசில் எல்லோரும் வாங்குகிறார்கள் என்ற பதற்றம். "பாண்டிக்குப் பக்கத்துல சார்" என்றார் விற்றவர். பொய்யில்லை. விழுப்புரத்தில் பாண்டி பஸ் ஏறினால் வளவனூர் தமிழ்நாடு, மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி, கண்டமங்கலம் மறுபடி தமிழ்நாடு, அரியூர் திரும்பவும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன துண்டு துணுக்கு எல்லை. இரண்டு பக்கத்துக் காசும் இந்த நடு ஊரில் வந்து விழுகிறது. பிறகு விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையும் வந்தது.

இத்தனை வருஷத்தில் அந்த மனைக்கு நான் மூன்று தடவை போயிருக்கிறேன். சீமைக்கருவேலம் முளைத்திருந்தது. பக்கத்து மனைகளிலும் அதே கருவேலம், அதே கல், கல்லில் பெயின்ட்டில் ஒரு போன் நம்பர். இன்று அது 12 லட்சம். 6.6 லட்சம் ஏறியிருக்கிறது. தம்பிக்குத் துண்டு விழுகிற தொகையைவிடக் கொஞ்சம் அதிகம். அந்த 6.6 லட்சத்துக்கு நான் ஒரு செங்கல்லும் தூக்கவில்லை. சாலை போட்டது மக்கள் வரிப்பணம். ஊரை ஊராக வைத்திருப்பது ஷிப்டுக்குப் போகிற இவனைப் போன்றவர்கள். நிலத்தின் மதிப்பைக் கூட்டுவது சமூகம், அதை அள்ளிக்கொள்வது நிலத்துக்காரன் என்று ஹென்றி ஜார்ஜ் 1879இல் புத்தகமே எழுதிவிட்டார். நான் அதை கல்லூரியில் படித்தேன். படித்துவிட்டுத்தான் மனை வாங்கினேன்.

"கஷ்டப்பட்டு சம்பாதிச்ச காசு, எதுல வேணா போடுவோம், உனக்கென்ன?" என்பார்கள் நண்பர்கள். போடுங்கள். தங்கத்தில் போட்டால் இன்னொருவன் தெருவில் நிற்கப்போவதில்லை. நிலம் அப்படி இல்லை. அதை யாரும் புதிதாக உற்பத்தி செய்ய முடியாது. நாம் கல் நட்டு வைத்திருக்கிற ஒவ்வொரு மனையும் ஒருவன் குடியிருந்திருக்க வேண்டிய இடம். அங்கே வீடு கட்டிக் குடியிருப்பவன் ஊராட்சிக்கு வீட்டு வரி கட்டுகிறான். கருவேலம் வளர்க்கிற நான் இதுவரை ஒரு ரூபாய் கட்டியதில்லை.

"சிங்கப்பூரைப் பார், எல்லாருக்கும் வீடு" என்று பேசுகிறவர்கள் அந்த ஊரின் ஒழுக்கத்தைப் பற்றியே பேசுவார்கள். 1966இல் அவர்கள் கொண்டுவந்த நில எடுப்புச் சட்டத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். முதலில் நிலத்தை எடுத்தார்கள், அதன்மேல் வீடு கட்டினார்கள். ஏன், நமக்கே இது தெரிந்திருந்தது. பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்தக் குடிசை நின்ற மனையையே சொந்தமாக்கியது 1971இன் குடியிருப்புச் சட்டம். ஆதிதிராவிட மக்களின் வீட்டுமனைக்காக நிலம் எடுக்கவென்றே 1978இல் தனிச் சட்டம் போட்டோம். முதலில் மனை, பிறகு வீடு என்ற வரிசை அன்றைக்குப் புரிந்திருந்தது. இன்றைக்கு 'வீடு தருகிறோம், மனையோடு வா' என்கிறோம்.

இதற்குப் புதிதாகப் புரட்சி ஒன்றும் வேண்டாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான மனைகளாக ஒதுக்க வேண்டும் என்று 2019இன் கட்டட விதிகளிலேயே இருக்கிறது. அந்த மனைகளை யார் வாங்கினார்கள், அவர்களின் வருமானம் என்ன என்று லேஅவுட் வாரியாக வெளியிடட்டும். விற்பனை நடக்கிற இடத்தில் வருமானச் சான்று கேட்டு நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கனவு இல்லத்தின் 3.5 லட்சத்தோடு மனையில்லாதவனுக்கு மூன்று சென்ட் சேரட்டும். அதற்குக் காசு எங்கே என்றால், வாங்கி ஐந்து வருஷமாகக் கட்டாமல் போட்டிருக்கிற என்னைப் போன்றவனிடம் வாங்குங்கள். வருஷா வருஷம், உறைக்கிற மாதிரி.

எக்செல்லை மூடிவிட்டு, "இது ஆவாது தம்பி" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க மனைல பாதி எனக்குக் குடுங்கண்ணா. நீங்க வாங்கின வெலைக்கு. மாசாமாசம் கட்டிடறேன்" என்றான்.

வாங்கின விலைக்குப் பாதி மனை 2.7 லட்சம். இன்றைய விலைக்கு 6 லட்சம். அந்த வித்தியாசத்தை விட என் வீட்டில் இரண்டு மாதம் சண்டை நடந்தது. சண்டையில் நானும் எந்தப் பக்கம் என்று எனக்கே சில நாள் தெரியவில்லை. கடைசியில் உட்பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். அவன் ஷிப்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் நாற்பது பேர் வருகிறார்கள். அதே சம்பளம், அதே வாடகை வீடு. அவனுக்கு மட்டும் சும்மா ஒரு மனை வைத்திருக்கிற அண்ணன் வாய்த்தான். மிச்சம் முப்பத்தொன்பது பேருக்கும் நாம் இன்னும் டீயைக் குறைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.